இரண்டு இடங்களில் இருக்கும் பொருளின் ஈர்ப்பு

1957ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் ஈர்ப்பைப் பற்றிய ஒரு மாநாடு நடந்தது. அதில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். ஒரு நுண்துகள் காந்தப்புலத்தின் வழியே செல்கிறது; குவாண்டம் விதிப்படி அது மேல்வழி, கீழ்வழி இரண்டிலும் ஒருசேரச் செல்லும் நிலையில் இருக்கிறது. அது சென்ற வழியைப் பொறுத்து ஒரு கருவி சிறிய உருண்டை ஒன்றை மேலேயோ கீழேயோ நகர்த்துகிறது. அந்த உருண்டை, தன் ஈர்ப்பை அருகிலுள்ள இன்னொரு பொருள் உணரும் அளவுக்குக் கனமானது. துகளின் இரட்டை நிலை உருண்டைக்கும் வந்துவிட்டால், உருண்டையின் ஈர்ப்புப் புலம் எந்த இடத்திலிருந்து புறப்படும்?

ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் தேடலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெருவெடிப்பிலிருந்தோ கருந்துளையின் மையத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். அவை முக்கியமான இடங்கள்தாம். ஆனாலும் சிக்கலின் முடிச்சு முழுவதும் ஃபைன்மனின் இந்தச் சிறு உருண்டையிலேயே இருக்கிறது என்றும், அதற்கான முதல் விடையும் அப்படியொரு சிறு பொருளிலிருந்தே வரக்கூடும் என்றும் நான் கருதுகிறேன்.

ஐன்ஸ்டைன் 1915இல் நிறைவுசெய்த பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவு. அவருடைய சமன்பாட்டின் ஒரு பக்கம் அந்த வளைவைச் சொல்கிறது. மறுபக்கம் அங்கே உள்ள பொருளையும் ஆற்றலையும் சொல்கிறது. பொருள் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று திட்டவட்டமாகத் தெரிந்தால்தான் வளைவு எவ்வளவு என்று கணக்கிட முடியும். பொருளோ அணுக்களால் ஆனது. அணுக்கள் குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டவை. அளக்கப்படாத எலக்ட்ரானுக்கு ஒற்றை இடம் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. அது பல இடங்களில் இருப்பதற்கான நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கின்றன. இதையே மேற்பொருந்தல் என்கிறோம். இந்த இசைவின்மையை ஐன்ஸ்டைனே 1916இல் கவனித்துவிட்டார். அணுவுக்குள் இயங்கும் எலக்ட்ரான்கள் மிகச் சிறிதளவு ஆற்றலை ஈர்ப்பு அலைகளாகவும் இழக்க வேண்டியிருக்கும் என்பதால், குவாண்டம் கோட்பாடு மின்காந்தவியலோடு சேர்த்துத் தம்முடைய புதிய ஈர்ப்புக் கோட்பாட்டையும் திருத்த நேரிடும் என்று அவர் எழுதினார்.

இசைவின்மையைச் சமாளிக்க மிக எளிய வழி ஒன்று உண்டு. பொருள் குவாண்டம் விதிப்படி நடக்கட்டும்; ஈர்ப்பைக் கணக்கிடும்போது மட்டும் பொருளின் சராசரி இருப்பிடத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் பாதி வாய்ப்போடு இங்கும் பாதி வாய்ப்போடு அங்கும் இருக்கும் உருண்டை, இரண்டு இடங்களிலும் பாதிப் பாதி நிறை இருப்பதைப் போல ஈர்க்க வேண்டும். டான் பேஜும் சார்லஸ் கைல்கரும் 1981இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கதிரியக்கச் சிதைவு என்னும் குவாண்டம் நிகழ்வின் எண்ணிக்கையைக் கொண்டு, கனமான நிறைகளை இரண்டு இடங்களில் எதில் வைப்பது என்று முடிவுசெய்து, ஒரு முறுக்குத் தராசின் அசைவை அளந்தார்கள். நிறைகள் உண்மையில் வைக்கப்பட்ட இடத்தை நோக்கியே தராசு திரும்பியது. சராசரிக்கு அது இணங்கவில்லை. இந்தச் சோதனை சராசரிக் கருத்தின் மிக எளிய வடிவத்தை மட்டுமே வீழ்த்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவீட்டின்போது மேற்பொருந்தல் குலைந்துவிடுகிறது என்று ஏற்றுக்கொள்பவர்களுக்கு இந்த முடிவில் வியப்பதற்கு ஏதுமில்லை.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு வேறுபாடு உண்டு. குவாண்டம் பொருள் ஈர்ப்பை ஏற்கிறது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே சோதனையால் உறுதியான செய்தி. 1975இல் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் ஆகிய மூவரும் ஒரு நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி சற்று உயரமான பாதையிலும் மறுபாதி தாழ்வான பாதையிலும் சென்று மீண்டும் சேருமாறு செய்தார்கள். உயர வேறுபாட்டால் இரண்டு பாதைகளின் அலைகளுக்கிடையே கட்ட வேறுபாடு, அதாவது அலைகளின் ஏற்ற இறக்கங்கள் முன்பின்னாக விலகும் நிலை, உண்டாகி, சேருமிடத்தில் நியூட்ரான்களின் எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஆனால் அங்கே ஈர்த்தது பூமி. அது எந்த மேற்பொருந்தலிலும் இல்லை. குவாண்டம் நிலையில் இருக்கும் ஒரு பொருள் மற்றொன்றை எப்படி ஈர்க்கிறது என்பதை இதுவரை எந்தச் சோதனையும் அளந்ததில்லை.

மின்காந்தவியலில் இதே கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மின்காந்தப் புலமும் குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டதே. அதன் சிறுகூறு, ஒளித்துகளாகிய ஃபோட்டான். கணக்கிடும்போது முடிவிலிகள் தலைகாட்டினாலும், எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம் போன்ற ஒருசில அளவுகளைச் சோதனையிலிருந்து எடுத்துப் பொருத்திவிட்டால் அவை மறைந்துவிடுகின்றன. ஈர்ப்புக்கும் இதையே செய்து, கிராவிட்டான் என்னும் துகளை அமைத்துக்கொண்டால் போதாதா? முயன்றவர்கள் பலர். இடையூறு என்னவென்றால், ஈர்ப்பு ஆற்றலோடு பிணைகிறது. ஆற்றல் கூடக்கூட அதன் வலிமையும் கூடுகிறது. ஃபோட்டான்கள் மின்னூட்டம் அற்றவை என்பதால் ஒன்றையொன்று நேரடியாகப் பாதிப்பதில்லை. கிராவிட்டான்களோ தாமும் ஆற்றல் உடையவை என்பதால் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஆகவே கணக்கின் அடுத்தடுத்த படிகளில் புதிய வகை முடிவிலிகள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றையும் அடக்க ஒரு புதிய அளவைச் சோதனையிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. 1974இல் ஜெரார்டு ட் ஹூஃப்டும் மார்ட்டினஸ் வெல்ட்மனும், பொருள் சேர்ந்த ஈர்ப்பில் முதல் படியிலேயே இவ்வகை முடிவிலி வருவதைக் காட்டினார்கள். பொருளே இல்லாத தூய ஈர்ப்பும் இரண்டாம் படியில் தப்பவில்லை என்பதைக் கோரோஃப், சக்னோட்டி ஆகியோரின் கணக்கு 1980களின் நடுவில் உறுதிசெய்தது.

இதைக் கொண்டு, இரண்டு கோட்பாடுகளும் ஒருபோதும் சேரா என்று சொல்வது மிகை. ஜான் டோனஹியூ 1994இல் காட்டியதுபோல, குறைந்த ஆற்றல்களில் குவாண்டம் ஈர்ப்பு ஒழுங்காகவே வேலை செய்கிறது. நியூட்டனின் விதிக்கு வரும் குவாண்டம் திருத்தத்தைக்கூடக் கணக்கிட முடிகிறது. அந்தத் திருத்தம் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது என்பது வேறு செய்தி. கோட்பாடு கைவிடுவது மிக உயர்ந்த ஆற்றலில், அதாவது மிகச் சிறிய தொலைவில்.

அந்த எல்லை எங்கே என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வாதம் போதும். சிறிய இடத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் சிறிய அலைநீளம் வேண்டும். அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். அவ்வளவு ஆற்றலை அவ்வளவு சிறிய இடத்தில் குவித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அந்த இடமே கருந்துளையாகி, பார்க்க நினைத்ததை மறைத்துவிடும். அந்தத் தொலைவு ஏறத்தாழ 1.6 × 10⁻³⁵ மீட்டர். பிளாங்க் நீளம் என்பது அதன் பெயர். இந்த வாதத்தின் கரு சோவியத் இயற்பியலாளர் மத்வேய் புரோன்ஸ்டைன் 1936இல் எழுதியவற்றில் இருக்கிறது. ஈர்ப்புப் புலத்தை எல்லையற்ற துல்லியத்தோடு அளக்க முடியாது என்றும், காலம், வெளி பற்றிய நம் வழக்கமான கருத்துகளையே கைவிட நேரலாம் என்றும் அன்றே அவர் உணர்ந்திருந்தார். 1937இல் அவர் கைதுசெய்யப்பட்டார். 1938 பிப்ரவரியில் லெனின்கிராடில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 31. இத்துறை அவரிடமிருந்து இழந்ததை எண்ணும்போது மனம் கனக்கிறது.

பிளாங்க் நீளத்துக்கு இணையான ஆற்றலைத் துகள் மோதல்களால் எட்ட முடியாது. ஜெனீவா அருகிலுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவான் எட்டும் 13,600 கிகா எலக்ட்ரான் வோல்ட்டைக் காட்டிலும் அது ஏறத்தாழ 10¹⁵ மடங்கு அதிகம். இதனால் நெடுங்காலம் இத்துறையை வழிநடத்தியவை கணிதமும் கருந்துளைகளுமே. ஜேக்கப் பெக்கன்ஸ்டைனும் ஸ்டீவன் ஹாக்கிங்கும் 1970களில் கண்டறிந்தபடி, கருந்துளைக்கு வெப்பநிலையும் உண்டு, என்ட்ரோபியும் உண்டு. அந்த என்ட்ரோபி கருந்துளையின் கன அளவைப் பொறுத்ததாக இல்லை. அதன் மேற்பரப்பைப் பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, நான்கில் ஒரு பங்கை எடுத்தால் கிடைக்கிறது. ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், வெப்ப இயக்கவியலின் போல்ட்ஸ்மன் மாறிலி ஆகிய நான்கும் ஒரே சூத்திரத்தில் சேர்ந்து நிற்பது இங்கேதான். சூரியனின் நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்பதால் இதை நேரில் அளக்க இயலவில்லை. ஆயினும் என்ட்ரோபி என்பது நுண்நிலைகளின் எண்ணிக்கையைக் குறிப்பது. எனவே காலவெளிக்கும் ஏதோ நுண்கூறுகள் இருக்க வேண்டும்; அவற்றை எண்ணிக் காட்டுவதே எந்தக் கோட்பாட்டுக்கும் உரைகல்லாயிற்று.

இழைக் கோட்பாடு இதில் பாதி வென்றிருக்கிறது. துகள்களைப் புள்ளிகளாகக் கொள்ளாமல் அதிரும் நுண் இழைகளாகக் கொண்டால், அந்த அதிர்வுகளில் ஒன்று கிராவிட்டானுக்குரிய இயல்போடு தானாகவே வந்து நிற்கிறது என்பது 1974இல் தெரியவந்தது. யாரும் அதை வலிந்து சேர்க்கவில்லை. 1996இல் ஆண்ட்ரூ ஸ்ட்ராமிங்கரும் கும்ருன் வாஃபாவும் சிறப்புச் சமச்சீர் கொண்ட ஒருவகைக் கருந்துளையின் நுண்நிலைகளை எண்ணி, அந்த நான்கில் ஒரு பங்கைத் துல்லியமாகப் பெற்றார்கள். வானத்தில் உள்ள கருந்துளைகள் அவ்வகையைச் சேர்ந்தவை இல்லை; கோட்பாட்டுக்குத் தேவையான கூடுதல் பரிமாணங்களும் எங்கும் தென்படவில்லை. வளையக் குவாண்டம் ஈர்ப்பு வேறு வழியில் செல்கிறது. அபய் அஷ்டேகர் 1986இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் எழுதியதிலிருந்து வளர்ந்த இக்கோட்பாட்டில், பரப்பும் கன அளவும் தொடர்ச்சியான அளவுகளாக இல்லாமல், அணுவின் ஆற்றல் மட்டங்களைப் போலத் தனித்தனிப் படிகளில் வருகின்றன. அந்தப் படிகளிலிருந்து நாம் வாழும் வழவழப்பான காலவெளியை மீட்டெடுப்பதுதான் இதன் கடினமான பகுதி.

வானியல் ஒரு கடுமையான வடிகட்டியைத் தந்திருக்கிறது. வெளி நுண்ணளவில் சொரசொரப்பாக இருந்தால், உயர் ஆற்றல் ஒளி சற்றே வேறு வேகத்தில் செல்லலாம் என்று சில மாதிரிகள் கூறின. 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. 700 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து வந்த 31 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று, வெடிப்பு தொடங்கி ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்திருந்தது. அந்த மாதிரிகளில் எளியவை இதனால் விலக்கப்பட்டன.

இப்போது ஃபைன்மனின் உருண்டைக்குத் திரும்பலாம். 2017இல் சௌகதோ போஸ் தலைமையிலான குழுவும், கியாரா மார்லெட்டோ, விளாட்கோ வெட்ரல் இருவரும் தனித்தனியே ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு நுண்வைரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இடம், வலம் என்னும் மேற்பொருந்தலில் வைப்போம். இப்போது நான்கு சேர்க்கைகள் உள்ளன. இடப்புற வைரத்தின் வலநிலையும் வலப்புற வைரத்தின் இடநிலையும் சேரும் சேர்க்கையில் இரண்டும் மிக அருகில் இருக்கின்றன. அங்கே ஈர்ப்பு ஆற்றல் மற்றவற்றைவிட அதிகம். குவாண்டம் இயற்பியலில் ஆற்றல் வேறுபாடு என்பது அலையின் கட்டம் நகரும் வேகத்தின் வேறுபாடு. சிறிது நேரத்தில் அந்த ஒரு சேர்க்கை மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகிவிட, இரண்டு வைரங்களின் நிலைகளையும் இனித் தனித்தனியே எழுத முடியாதபடி அவை குவாண்டம் பின்னலுக்கு உள்ளாகின்றன.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அளவுகள்தாம். வைரத்தின் நிறை 10⁻¹⁴ கிலோகிராம், குறுக்களவு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர், நெருங்கிய இடைவெளி 200 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஈர்ப்பு ஆற்றல் சுமார் 3 × 10⁻³⁵ ஜூல். இது மிக அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் அதை இரண்டு மூன்று வினாடிகளால் பெருக்கினால் கிடைப்பது, 2πயால் வகுத்த பிளாங்க் மாறிலியாகிய 1.05 × 10⁻³⁴ ஜூல்-வினாடிக்கு ஏறத்தாழ இணையாகிறது. ஆகவே கட்டம் அளக்கக்கூடிய அளவு நகர்ந்துவிடும். பிளாங்க் நீளத்தை எட்டாமலேயே, ஓர் ஆய்வுக்கூட மேசையில் ஈர்ப்பின் குவாண்டம் இயல்பை வினவ வழி பிறக்கிறது. சாதாரணச் செவ்வியல் ஊடகம், அதாவது குவாண்டம் விதிகளுக்கு உட்படாத ஊடகம், எதுவும் தொலைவிலுள்ள இரண்டு பொருள்களுக்கிடையே பின்னலை உண்டாக்க முடியாது என்பதே வாதத்தின் அச்சாணி. அத்தகைய பின்னல் கிராவிட்டான் இருப்பதற்குச் சான்றாகுமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஈர்ப்பு வெறும் செவ்வியல் புலம் என்ற கருத்துக்கு அது பேரிடியாக இருக்கும் என்பதையாவது ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

செவ்வியல் தரப்பும் ஓய்ந்துவிடவில்லை. ஜொனாதன் ஓப்பன்ஹைம் 2023இல் வெளியிட்ட கோட்பாட்டில் காலவெளி செவ்வியலாகவே இருக்கிறது. அதற்கு ஈடாக அது தற்செயலாக ஏறி இறங்கியபடி இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பொருளின் எடையைத் திரும்பத் திரும்ப நிறுத்தால் விடை சற்றே அலைபாய வேண்டும். அந்த அலைவு குறைவாக இருந்தால் மேற்பொருந்தல் விரைவில் குலைய வேண்டும். இரண்டையும் அளந்து இரு பக்கமிருந்தும் நெருக்கலாம்.

அண்மை ஆண்டுகளின் சோதனைகளில் இரண்டு கரைகள் தெரிகின்றன: மேற்பொருந்தலில் வைக்கப்பட்ட கனமான பொருள்கள் ஒரு கரை, ஈர்ப்பு அளக்கப்பட்ட சிறிய பொருள்கள் மறுகரை. வியன்னாவில் 2019இல் 25,000 அணு நிறை அலகுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் மேற்பொருந்தலில் காட்டப்பட்டன. அது 10⁻²² கிலோகிராமுக்கும் குறைவு. அதே நகரில் 2021இல், 2 மில்லிமீட்டர் குறுக்களவும் 90 மில்லிகிராம் நிறையும் கொண்ட ஒரு தங்க உருண்டையின் ஈர்ப்பு அளக்கப்பட்டது. தேவையான வைரம் அந்த மூலக்கூறுகளைவிட இருபது கோடி மடங்குக்கும் மேல் கனமானது. தங்க உருண்டையைவிடப் பல நூறு கோடி மடங்கு இலேசானது. அதை 200 மைக்ரோமீட்டருக்கு மேல் பிளந்து, மின்விசைகள் குறுக்கிடாதபடி காத்து, காற்றின் ஒற்றை மூலக்கூறுகூட மோதாத வெற்றிடத்தில் சில வினாடிகள் விழவிட வேண்டும். 2020இல் வியன்னா ஆய்வாளர்கள் சுமார் 150 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கண்ணாடி உருண்டையை லேசர் ஒளியில் மிதக்கவிட்டு, அதன் அசைவைக் குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் மிகத் தாழ்ந்த நிலை வரை அடக்கினார்கள். அதன் நிறை, தேவையானதில் சில ஆயிரங்களில் ஒரு பங்கு. அதன் அசைவின் வீச்சோ ஓர் அணுவின் அகலத்தைவிடவும் சிறியது. அங்கிருந்து 200 மைக்ரோமீட்டருக்கு விரிக்க வேண்டியிருக்கிறது.