தேங்காய்ச் சக்கையில் வந்த விஷமும் செல்லின் ஒற்றைக் கதவும்

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் பன்யுமாஸ் வட்டாரத்து ஏழைகளின் உணவு தெம்பே போங்க்ரெக். எண்ணெயோ பாலோ பிழிந்தெடுத்த தேங்காய்ச் சக்கையில் பூஞ்சணம் வளர்த்து, கட்டியானதும் சமைத்துச் சாப்பிடுவார்கள். சில நாட்களில் நொதித்தல் சரியாக அமையாது. பூஞ்சணத்தை முந்திக்கொண்டு ஒரு பாக்டீரியா பெருகிவிடும். அதைத் தின்றவர்களுக்கு வயிற்று வலி, வியர்வை, மயக்கம், கடைசியில் மரணம். பல நூறு உயிர்கள் போன பிறகு, 1988-இல் அந்நாட்டு அரசு இந்த உணவைத் தயாரிக்கவே தடை விதித்தது.

விஷத்தின் பெயர் போங்க்ரெக் அமிலம். மணம் கிடையாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. இது உடம்பில் அடைப்பது ஒரே ஒரு புரதத்தைத்தான். அது அடைபட்டால் ஆள் ஏன் சாக வேண்டும்?

பிளஸ் டூ உயிரியலில் ஏடிபி என்று படித்த அடினோசின் டிரைபாஸ்பேட்தான் செல்லின் எரிபொருள். அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்றால் ஆற்றல் கிடைக்கும், மிஞ்சுவது டைபாஸ்பேட். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதனோடு மறுபடி ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்தக் கையிருப்பு மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு நாளில் சுழன்று வருவதைக் கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு வரும். அதே மூலக்கூறுகள்தான் திரும்பத் திரும்பப் போய்வருகின்றன.

சரி, எப்படிப் போய்வருகின்றன? மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு எதையும் எளிதில் விடாது. அங்கே கதவாக இருப்பது ஒரு கடத்திப் புரதம். அது வெளிப்பக்கம் திறக்கும்போது உட்பக்கம் மூடியிருக்கும். டைபாஸ்பேட் ஒன்று வந்து உட்கார்ந்ததும் திரும்பி உள்ளே விடும். அப்புறம் உள்ளிருந்து ஒரு டிரைபாஸ்பேட்டை ஏற்றி வெளியே விடும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, கணக்கு பிசகாது. டிரைபாஸ்பேட்டுக்கு நான்கு எதிர்மின்னூட்டம், டைபாஸ்பேட்டுக்கு மூன்று. சவ்வின் உட்பக்கமும் எதிர்மின்னூட்டம் கொண்டதால், கூடுதல் மின்னூட்டம் உள்ளது வெளியே தள்ளப்படுகிறது. இந்த இடம் எனக்கு எப்போது படித்தாலும் வியப்புதான்: தனியாக ஒரு இயந்திரம் வேண்டியதில்லை, சவ்வின் மின்னழுத்தமே வேலையை முடித்துவிடுகிறது.

போங்க்ரெக் அமிலம் கதவை உட்பக்கம் பார்த்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. உள்ளே டைபாஸ்பேட் வராததால் டிரைபாஸ்பேட் உற்பத்தி நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, ஆனாலும் செல் பட்டினி கிடக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத வழியில் ஆற்றல் தேட, சர்க்கரையை ஏராளமாகச் செலவழித்து லாக்டிக் அமிலத்தைக் குவிக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகச் சரிவதற்கு இது ஒரு காரணம். 2015-இல் மொசாம்பிக்கில் ஒரு துக்க வீட்டில் பரிமாறப்பட்ட பீரைக் குடித்த 75 பேர் இறந்ததும், 2020-இல் சீனாவில் புளித்த சோள நூடுல்ஸ் சாப்பிட்ட 9 பேர் இறந்ததும் இதே விஷத்தால்தான். இதற்கென்று மாற்று மருந்து இல்லை.

விஷம் இல்லாமலும் இந்தக் கதவு பழுதாகலாம். இந்தக் கடத்திப் புரதத்தில் இதயத்திலும் தசைகளிலும் அதிகமாக உள்ள வகைக்கான மரபணுவில் பிழை இருந்தால், சிலருக்கு இமைகள் மெல்லச் சரிந்து கண்ணசைவு குறைகிறது. சிலருக்கு இதயத் தசை தடிக்கிறது.

மாரடைப்பில் நடப்பது வேறு. ரத்தம் நின்றதும் ஆக்சிஜன் இல்லை. டிரைபாஸ்பேட் செய்யும் நொதி தலைகீழாக ஓடி, சவ்வின் மின்னழுத்தத்தைக் காக்க டிரைபாஸ்பேட்டையே உடைக்கிறது. டைபாஸ்பேட் மோனோபாஸ்பேட்டாகி, அதுவும் சிதைந்து அடினோசினாகிச் செல்லை விட்டு வெளியேறுகிறது. அடினோசின் ரத்தக் குழாயை விரிப்பது ஒரு நன்மை. ஆனால் சுழன்றுகொண்டிருந்த மூலக்கூறே கைவிட்டுப் போகிறது. அடைப்பை நீக்கியதும் ஆக்சிஜன் உடனே வந்துவிடும். இழந்த அடினோசின் சேமிப்பை இதயம் மறுபடி கட்ட நாட்கள் பிடிக்கும். மாரடைப்பில் மருத்துவர்கள் நிமிடக் கணக்குப் பார்ப்பதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.