டொர்னாடோவில் வீடு எங்கே விட்டுப்போகிறது?

டொர்னாடோ என்ற சுழல்காற்று போன பிறகு எடுத்த படங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். இவ்வளவு பெரிய காற்றுக்கு எது தாங்கும், மனிதனால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா, மிசூரி மாநிலங்களில் சேதமான வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நான். அந்த முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பார்க்கும் வீடுகளில் மரம் முறிந்து விழுந்தது குறைவு. இணைப்பு விட்டு விழுந்ததுதான் அதிகம்.

இடிந்த வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். அமெரிக்காவின் மரவீடுகளில் கான்கிரீட் தளத்தின் மேல் ஒரு பலகையைக் கிடத்தி, அதன் மேல் சுவர்க் கட்டைகளை நிறுத்துவார்கள். வீடே காணாமல் போன மனையில் பல சமயம் அந்தப் பலகை மட்டும் போல்ட்டோடு அப்படியே இருக்கும். அதன் மேல் 16 அங்குலத்துக்கு ஒரு ஜோடி ஆணி, முனை வானத்தைப் பார்த்து நிற்கும். ஆணி வளைந்துகூட இருக்காது. பலகைக்கு அடியிலிருந்து கட்டையின் அடிமுனைக்குள் நேராக அடித்த ஆணி அது. மர நாரின் போக்கிலேயே இறங்கிய ஆணிக்குப் பிடிமானம் மிகவும் குறைவு. சுவர் மேலே இழுபட்டதும் கட்டை ஆணியை விட்டுக் கழன்று போய்விட்டது. பலகையும் போல்ட்டும் கான்கிரீட்டும் தங்கள் வேலையைச் செய்தன. நடுவில் இருந்த ஒரு இணைப்பு செய்யவில்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலும் இது கராஜ் கதவில் தொடங்குகிறது. இரண்டு கார் அகலத்துக்கு இருக்கும் மெல்லிய தகடு காற்றில் உள்ளே மடங்கும். காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்றோ கூரையை மேல்நோக்கி இழுக்கும். இரண்டும் சேர்ந்தால், சுவரோடு சாய்வாக ஆணி அடித்து நிறுத்திய கூரைச் சட்டம் எழும்பிவிடும். கூரை போன பிறகு சுவரைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது எந்தப் பக்கமும் சாயலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்ற கணக்கும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்க ஒரு சின்ன உலோகப் பட்டை உண்டு. சரி, மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றுக்கு அது என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட் ஃபுஜிட்டா 1971-இல் டொர்னாடோக்களை வகைப்படுத்த ஒரு அளவுகோல் தந்தார். 1945-இல் நாகசாகியின் அணுகுண்டுச் சேதத்தை நேரில் ஆராய்ந்தவர் அவர். சேதத்தைப் படித்து அதிலிருந்து விசையை ஊகிக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2007 முதல் அதன் திருத்திய வடிவமான இஎஃப் அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. இதன் உச்ச வகையான இஎஃப்5 என்றால் மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த எண் பாதையில் மிக மோசமாக அடிபட்ட இடத்துக்கு உரியது. பாதையின் ஓரங்களில், பெரும்பாலான தெருக்களில், காற்று அதைவிட எவ்வளவோ குறைவு. அந்தத் தெருக்களில் கூரை நிற்பதா போவதா என்பதை அந்தச் சின்னப் பட்டைதான் தீர்மானிக்கிறது.

1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இண்டியானா என்ற மூன்று மாநிலங்களைக் கடந்துபோன டொர்னாடோ 695 பேரைக் கொன்றது. சுமார் 350 கிலோமீட்டர் பாதை, மூன்றரை மணி நேரம். இல்லினாயின் மர்ஃபிஸ்பரோ நகரில் மட்டும் 234 பேர். டி சோட்டோ என்ற சிற்றூரின் பள்ளியில் 33 பேர் இறந்தார்கள். அன்றைய அமெரிக்க வானிலைத் துறை தன் முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லையே எழுதுவதில்லை, மக்கள் பீதியடைவார்கள் என்ற பயம். அதனால் அந்த மக்களுக்கு எச்சரிக்கை என்று ஒன்று கிடைக்கவே இல்லை. உலகில் மிக அதிகமானவர்களைக் கொன்றதாகக் கருதப்படும் டொர்னாடோ அமெரிக்காவில் வரவில்லை. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தவுலத்பூரையும் சாட்டூரியாவையும் அடித்தது. இறந்தவர்கள் சுமார் 1,300 பேர் என்பது மதிப்பீடு, வீடிழந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். நெருக்கமான குடியிருப்பு, தகரமும் மூங்கிலுமான வீடுகள், ஒளிந்துகொள்ள ஓர் அறைகூட இல்லாத நிலைமை. அங்கே காற்றைவிட ஏழ்மைதான் அதிகம் கொன்றது என்று நான் நினைக்கிறேன்.

என் தொழிலை மாற்றிய நிகழ்வு 2011 மே 22, மிசூரியின் ஜாப்லின். 150-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முதல் சைரன் ஒலித்து 20 நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் டொர்னாடோ நகருக்குள் நுழைந்தது. ஆனால் அடிக்கடி சைரன் கேட்டுப் பழகியவர்கள் இன்னொரு அறிகுறி வரட்டும் என்று காத்திருந்ததாக என்ஐஎஸ்டி என்ற மத்திய ஆய்வு நிறுவனம் பின்னர் எழுதியது. நகரின் வீடுகளில் 82 சதவீதத்துக்கு நிலவறையே கிடையாது என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஓடி ஒளியச் சொன்னால் எங்கே போவார்கள்?

அங்கிருந்த செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒன்பது மாடிக் கட்டிடம். சட்டகம் நின்றது. கணக்குப்படி பார்த்தால் கட்டிடம் தேறிவிட்டது. ஆனால் ஜன்னல்கள் நொறுங்கின, மின்சாரம் போனது, மாற்று ஜெனரேட்டரும் போனது, வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். கட்டிடம் நின்றால் போதும் என்று படித்துவிட்டு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பாடம். பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு 2015-இல் வேறு இடத்தில் திறந்த புதிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னல்களை மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றுக்குப் பொருந்தும்படி அமைத்தார்கள்.

ஜாப்லின் ஆய்வின் பலனாக, அமெரிக்கக் கட்டிடச் சுமை விதிநூலான ஏஎஸ்சிஇ 7-இன் 2022 பதிப்பில் முதல் முறையாக டொர்னாடோவுக்கென்று தனி அத்தியாயம் வந்தது. மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம் போன்ற முக்கியக் கட்டிடங்களுக்கு அது பொருந்தும். சாதாரண வீடுகளுக்குப் பொருந்தாது. மக்கள் தூங்குவது வீட்டில்தானே! இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஆனால் ஒரு ஊர் காத்திருக்கவில்லை. ஓக்லஹோமாவின் மூர். 1999 மே 3 அன்று அந்தப் பக்கம் வந்த டொர்னாடோவில் நடமாடும் ரேடார் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றைப் பதிவு செய்தது. 36 பேர் இறந்தார்கள். 2013 மே 20 அன்று அதே ஊருக்கு இன்னொரு டொர்னாடோ வந்தது, இஎஃப்5. 24 பேர் இறந்தார்கள், அதில் 7 பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். அந்தப் பள்ளியில் பாதுகாப்பு அறை கிடையாது. மறு ஆண்டே மூர் நகராட்சி தன் கட்டிட விதியை மாற்றியது. புது வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு உலோகக் கிளிப் வைத்துப் பிணைக்க வேண்டும், ஆணிகளை நெருக்கி அடிக்க வேண்டும், கராஜ் கதவும் அதே வேகத்துக்குத் தேற வேண்டும். கூடுதல் செலவு சதுர அடிக்கு ஒன்றிரண்டு டாலர் அளவுதான். இஎஃப்5-இன் நடுப்பாதைக்கு இது போதாது என்று அவர்களுக்கும் தெரியும். ஓரத்துத் தெருக்களைக் காப்பாற்றத்தான் இந்த விதி.

டாலஸ், ஓக்லஹோமா சிட்டி பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் கிரானைட் மேடையையும் பள்ளி மதிப்பெண்ணையும் அலசி ஆராய்கிறார்கள். கராஜ் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் காற்று அளவு என்ன போட்டிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பாருங்கள். பரணில் ஏறி டார்ச் அடித்து, கூரைச் சட்டம் சுவரில் உட்காரும் இடத்தில் உலோகக் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் உள்சுவர்ப் பலகை மூடுவதற்கு முன்பே பில்டரிடம் கேட்டுவிடுங்கள். மூடிய பிறகு எல்லாம் கடினம்.

எச்சரிக்கை வந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்றை நாமே உள்ளே அழைப்பதுதான் அது. நிலவறை இல்லையென்றால் தரைத்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குப் போங்கள். காலில் ஷூ, தலையில் ஏதாவது ஒரு ஹெல்மெட். குழந்தையின் சைக்கிள் ஹெல்மெட் போதும். மொபைல் ஹோமில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீட்டில், இருப்பவர்கள் முன்கூட்டியே வேறு உறுதியான கட்டிடத்துக்குப் போய்விட வேண்டும். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கவே கூடாது, 1999-இல் அப்படி ஒதுங்கிய இடங்களிலேயே ஆட்கள் இறந்தார்கள். டாலஸை ஒட்டிய கார்லண்டில் 2015 டிசம்பர் 26 இரவு இறந்த 10 பேரில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் காரில் இருந்தவர்கள்.

முடிந்தால் பாதுகாப்பு அறை ஒன்று போட்டுவிடுங்கள். ஏழு கிலோ எடையுள்ள மரக்கட்டையை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துச் சோதித்துத் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனையை நெடுநாளாகச் செய்கிறார்கள். கதவும் தாழ்ப்பாளும் சேர்ந்து தேறியிருக்க வேண்டும், சுவர் மட்டும் போதாது. தரையில் பதிக்கும் போல்ட்டைத் தளத்தின் கான்கிரீட் தடிமன் பார்த்துத்தான் போடச் சொல்ல வேண்டும். போட்ட கையோடு உங்கள் நகராட்சியில் அதன் இருப்பிடத்தைப் பதிவு செய்ய வழி இருந்தால் பதிவு செய்யுங்கள். ஓக்லஹோமாவின் பல ஊர்களில் இந்த வசதி உண்டு. வீடு இடிந்து கதவை அடைத்துக்கொண்டால், மீட்புக் குழு எந்த மூலையில் தோண்ட வேண்டும் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.