ஆல்பம் – இசைத்தொகை

‘ஆல்பம்’ இலத்தீன் சொல். ‘அல்பஸ்’ என்றால் வெள்ளை. பண்டைய ரோமில் அரசாணைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் ஊரார் பார்வைக்கு எழுதிவைத்த, வெள்ளையடித்த பலகைக்கு ‘ஆல்பம்’ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கிவைத்த வெற்றேட்டுக்கு அப்பெயர் சென்றது. பின்னர் அஞ்சல்தலையும் ஒளிப்படமும் ஒட்டும் ஏட்டுக்கும் அது பெயராயிற்று.

இசைக்கு இச்சொல் வந்த வழி சுவையானது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிட இசையே அடங்கும் என்பதால், நீண்ட படைப்புகளைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளைத் தைத்துக் கட்டிய, ஒளிப்பட ஏட்டை ஒத்த அட்டைப் புத்தகத்தில் இட்டு விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட படைப்பும் ஒரே தட்டில் அடங்கும் நீள்இசைத்தட்டைக் (எல்.பி.) கொண்டுவந்தபோது புத்தகம் தேவையற்றுப் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ இச்சொல்லின் பொருளை நன்கு காட்டும். ஹாம்பர்க் கேளிக்கை விடுதிகளிலும் லிவர்பூலின் கேவர்ன் மன்றத்திலும் இரவுதோறும் பாடிப் பழகியிருந்த அக்குழுவில் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் 1962 ஆகஸ்டில்தான் சேர்ந்தார். அந்த ஆல்பத்திலுள்ள 14 பாடல்களில் நான்கு, அதற்குமுன் வெளிவந்த இரண்டு தனித்தட்டுகளில் (சிங்கிள்) இருந்தவை. எஞ்சிய பத்தையும் 1963 பிப்ரவரி 11 அன்று, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மேற்பார்வையில், லண்டன் அபே சாலைப் பதிவுக்கூடத்தில் ஒரே நாளில் பாடி முடித்தார்கள். சளியால் தொண்டை கம்மியிருந்த குழுப் பாடகர் ஜான் லெனன், குரலைக் கிழித்துவிடக்கூடிய ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடலை அதனால்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் பாடினார். மார்ச் 22இல் வெளியான அத்தட்டு மேடையில் பாடிவந்தவற்றின் தொகுப்பேயன்றி, முன்கூட்டி வகுத்த ஒற்றைப் படைப்பு அன்று. (இதே குழு 1968இல் வெற்று வெள்ளை உறையோடு வெளியிட்டதை ‘வெள்ளை ஆல்பம்’ என்பார்கள், வேர்ச்சொல் அறிந்தவர் காதுக்கு அது நம்முடைய ‘கேட்டு (gate) வாசல்’ போலக் கூறியது கூறலாக ஒலிக்கும்.)

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இசைத்தட்டு’ பொருளைக் குறிக்குமே தவிர உள்ளடக்கத்தைக் குறிக்காது. இலங்கைத் தமிழர் குறுந்தகட்டுக்கு வழங்கும் ‘இறுவட்டு’ என்பதற்கும் அதே குறை உண்டு. ‘இசைத்தொகுப்பு’ பரவலாக வழங்குகிறது, பிழையும் இல்லை. ஆனாலும் எட்டுத்தொகையை ஆக்கித் தந்த மொழிக்கு ‘இசைத்தொகை’ இன்னும் இயல்பாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஒரே வினையைக் கொண்டு முடிவது குளகம். தனித்தனிப் பாடல்களைத் திரட்டியது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ தொகைநிலை. ஒரே கருவைச் சுற்றிப் பாடல்களைக் கோக்கும் பிற்கால ராக் ஆல்பங்களைத் தொடர்நிலை எனலாம். திரைப்படம் சாராத ஒற்றைப் பாடலை இன்று தமிழ்நாட்டில் ‘ஆல்பம் பாடல்’ என்கிறார்களே, அது ஆல்பமே அன்று, முத்தகம்.