சிங்க ஆட்டம் (வு ஷி)

சீனப் புத்தாண்டு வந்துவிட்டால் சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் செய்திகளில், சிங்க உருவத்துக்குள் புகுந்து ஆடும் ‘சிங்க நடனம்’ தவறாமல் தலைகாட்டும். மாண்டரினில் அது ‘வு ஷி’. ‘வு’ என்றால் ஆடுவது, ‘ஷி’ சிங்கம். பொருளில் பிழையில்லை. ஆனால் ‘நடனம்’ என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், சீனக் காடுகளில் சிங்கம் இருந்ததில்லை. ஹான் பேரரசின் காலத்தில் பார்த்தியா (பண்டைய ஈரான்) போன்ற மேற்கு நாடுகள் அரண்மனைக்குப் பரிசாக அனுப்பிய விலங்கு அது. நேரில் பார்த்தவர்கள் குறைவு என்பதாலோ என்னவோ, ஆட்டச் சிங்கத்தின் நெற்றியில் கொம்பும் கண்ணாடியும் முளைத்துவிட்டன! தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜுயி (772–846), மரத்தில் செதுக்கிய தலை, பட்டுநூல் வால், பொன்முலாம் பூசிய கண் என்று இந்தச் சிங்கத்தை வர்ணித்திருக்கிறார்.

இதில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பாணி. தென்கிழக்காசியாவில் அதிகம் காண்பது தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்த தெற்குப் பாணி. மூங்கில் சட்டத்தில் காகிதமும் துணியும் ஒட்டிய தலையை ஒருவர் தூக்கி ஆட, இன்னொருவர் அவர் பின்னால் குனிந்தபடியே உடம்பும் வாலுமாக வருவார். தலைக்காரர் உள்ளேயிருந்து கயிற்றைச் சுண்டினால் இமை படபடக்கும், காது ஆடும். புதுச் சிங்கம் ஆட வரும் முன் சிவப்புச் சாயம் தொட்ட தூரிகையால் அதன் கண்ணில் புள்ளி வைத்து ‘கண் திறப்பார்கள்’. முரசு, தாளம், சேகண்டி மூன்றும் கூடவே வரும்.

கடைவாசலில் நடப்பதுதான் ஆட்டத்தின் உச்சம். அங்பாவ் (பணம் வைத்த சிவப்பு உறை) கட்டிய லெட்டூஸ் கீரையை உயரத்தில் தொங்கவிடுவார்கள். சிங்கம் மோப்பம் பிடித்து, பயந்து பின்வாங்கி, அப்புறம் ஒரே தாவலில் கவ்வும். பணம் உள்ளேயே தங்கிவிடும், கிழிந்த இலைகள் மட்டும் கூட்டத்தின் மேல் வந்து விழும். இதற்குப் ‘பச்சை பறித்தல்’ என்று பெயர். லெட்டூஸுக்கான சீனச் சொல் ‘செல்வம் பெருகுதல்’ என்பதைப் போலவே ஒலிக்கும். கீரைக்கு இத்தனை மரியாதை அதனால்தான்.

டிராகன் ஆட்டம் வேறு. அதில் பலர் வெளியே நின்று கழிகளில் உருவத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். சிங்கத்தில் ஆடுபவர்கள் உள்ளே இருப்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேடம் பூண்டு, தாளத்துக்கு ஆடி, திருவிழாவில் தெருவுக்கு வரும் கலைக்கு நம்மிடம் மயிலாட்டம், புலியாட்டம், பொய்க்கால் குதிரையாட்டம் என்று ஒரு வரிசையே இருக்கிறது. ‘நடனம்’ மேடையை நினைவூட்டுகிறது. இந்தோனேசியர் தங்கள் ‘பாரோங்’ ஆட்டத்தின் பெயரோடு சிங்கத்துக்கான ஹொக்கியன் (ஒரு சீனப் பேச்சுமொழி) சொல் ‘சாய்’யைச் சேர்த்து ‘பாரோங்சாய்’ என்றே ஆக்கிக்கொண்டார்கள். நமக்கும் ‘சிங்க ஆட்டம்’ இயல்பாக வரும். கரகம் ‘கரகாட்டம்’ ஆனதுபோல் ‘சிங்காட்டம்’ என்று சேர்த்து எழுதினால் சிங்கம் காணாமல் போகிறது, பிரித்தே எழுதலாம். ‘அரிமா ஆட்டம்’ செய்யுளுக்கு அழகுதான், ஆனால் ‘அரிமா சங்கம்’ ஆண்டுவிழாவோ என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.