நெதாவா: உற்சாகபலியா, உவந்தளிப்பா?

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள எஸ்றா நூலின் முதல் அதிகாரத்திலேயே வந்துவிடும் எபிரேயச் சொல் நெதாவா. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. யாரும் ஏவாமல் மனம் தானாக முன்வருவது என்பது இதன் வேர்ப்பொருள். நாதாப், அம்மினதாப் என்ற வேதாகமப் பெயர்களிலும் அதே வேர்தான். இன்றைய எபிரேயத்தில் தன்னார்வலரை 'மித்நதேவ்' என்கிறார்கள்.

கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசர் கோரேஸ், சிறைப்பட்டிருந்த யூதர்களை ஊர் திரும்ப விட்டார். புறப்படுகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் வெள்ளி, பொன், கால்நடை தந்து உதவ வேண்டும். அதுபோக எருசலேம் ஆலயத்துக்கு நெதாவாவும் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது அவர் ஆணை. ஊர் வந்து சேர்ந்த குடும்பத் தலைவர்களும் அவரவர் சக்திக்கேற்பக் கொடுத்தார்கள். 61,000 பொற்காசு, 5,000 மினா (பழைய எடை அளவு) வெள்ளி, ஆசாரியர்களுக்கு 100 அங்கி என்று எஸ்றாவில் கணக்கே இருக்கிறது. இத்தனைக்கும் ஆலயத்துக்கு அப்போது அஸ்திவாரம்கூடப் போடவில்லை. பலிபீடத்தை மட்டும் கட்டி, அதில் நெதாவா செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆலயம் முடிய கி.மு. 515 ஆகிவிட்டது.

சரி, பொருத்தனையும் இதுவும் ஒன்றா? இல்லை. பொருத்தனை, நேர்த்திக்கடன் என்பதற்கு எபிரேயத்தில் 'நேதெர்' என்று வேறு சொல் உண்டு. "பலி ஒன்று என்மேல் கடன்" என்றால் நேதெர். "இதோ, இந்த ஆடு" என்றால் நெதாவா. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் மிஷ்னா என்ற யூதச் சட்டத்தொகுப்பு இதை வைத்தே வழக்குத் தீர்க்கிறது. ஒதுக்கிவைத்த ஆடு செத்தாலோ திருடு போனாலோ, நேதெர் சொன்னவர் வேறு ஆடு தர வேண்டும். நெதாவா சொன்னவருக்கு அந்தப் பொறுப்பில்லை. பலிச் சட்டங்களைச் சொல்லும் வேதாகம நூலான லேவியராகமமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது: கால் நீண்டோ குட்டையாகவோ உள்ள மாடு நேதெருக்கு ஆகாது, நெதாவாவுக்கு ஆகும். பின்னாளில் நெகேமியா என்ற யூதத் தலைவர் காலத்தில் ஆலய வரியாக ஆண்டுதோறும் கட்டிய மூன்றிலொரு சேக்கல் வெள்ளி இந்தக் கணக்கில் வராது, அது கட்டாயம்.

பழைய தமிழ் வேதாகமம் இதை 'உற்சாகபலி' என்றது. உற்சாகம் என்றால் இன்றைக்குத் துள்ளல், ஆரவாரம். 'உற்சாக பானம்' வேறு குறுக்கே வந்து நிற்கிறது. பிற்காலத்து 'தன்னார்வக் காணிக்கை' பொருளில் சரி, ஆனால் தொண்டு நிறுவன வாடை அடிக்கிறது. என் கட்சி 'உவந்தளிப்பு'. நெதாவா வெறும் பலி அல்ல. வெள்ளியும் நெதாவாதான், வேதாகமத்தின் 119ஆம் சங்கீதத்தில் (துதிப்பாடலில்) வாயால் சொல்லும் துதியே நெதாவா ஆகிறது. அந்த மூன்றுக்கும் 'உவந்தளிப்பு' ஒத்துவரும்.