சுண்டுவிரல் மரத்துப்போனால் 24-ஆம் கேப்ரிஸை நிறுத்துங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு வயலின் மாணவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன என்றார். என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். இத்தாலிய வயலின் மேதை பகனினியின் 24-ஆம் கேப்ரிஸ் (தனி வயலினுக்கான சிறு இசைப் படைப்பு), தினமும் நாலு மணி நேரம். அதிலும் ஆறாவது வேரியேஷன்தான் (அதே மெட்டின் மாற்று வடிவம்) அதிகம்.

பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

1820-இல் மிலானில் அச்சான 24 கேப்ரிஸ்களில் கடைசி இது. ஒரு சின்ன மெட்டு, அதன்மேல் பதினொரு வேரியேஷன்கள், முடிவில் ஒரு ஃபினாலே. ஒன்பதாவதில் இடது கை விரல்களே தந்தியைச் சுண்டியும் ஒலிக்க வைக்க வேண்டும். ஆறாவதில் இரண்டு தந்திகளில் மூன்றாம் சுர ஜோடியும் (ஒரு சுரமும் அதிலிருந்து எண்ணி மூன்றாவதும் சேர்ந்து) பத்தாம் சுர ஜோடியும் (ஒரு சுரமும் பத்தாவதும் சேர்ந்து) மாறிமாறி வரும். பத்தாம் ஜோடிக்கு ஆள்காட்டி விரல் ஒரு தந்தியில் நிற்க, சுண்டுவிரல் அடுத்த தந்தியில் வழக்கமான எல்லையைத் தாண்டி நீள வேண்டும். வயலின் பிடிக்கும்போது இடது முழங்கை எப்படியும் மடங்கித்தான் இருக்கும், முன்கையும் உள்ளே திரும்பியிருக்கும். முழங்கையின் உட்புறமாக ஓடும் அல்நார் நரம்பு அந்த நிலையில் இழுபடும். சுண்டுவிரலுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்புதான்.

பகனினிக்கு எப்படி முடிந்தது? அவருக்குச் சிகிச்சை செய்த பென்னாட்டி என்ற மருத்துவர் 1831-இலேயே எழுதிவிட்டார்: கை சாதாரண அளவுதான், மூட்டுகளின் நெகிழ்வுதான் அசாதாரணம். அந்த நெகிழ்வு பயிற்சியால் மட்டும் வருவதல்ல. உங்கள் கை அப்படி விரியாவிட்டால் அது உழைப்பின் குறை இல்லை. இதை நான் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன், பெற்றோரிடமும் சொல்கிறேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனை நினைத்துக்கொள்ளுங்கள். 1830-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பகனினியைக் கேட்டார், அதே வருடம் பியானோவே வாழ்க்கை என்று இறங்கினார். ஓரிரு வருடத்தில் வலது கை விரல் சொன்னபடி கேட்காமல் போனது. காரணம் என்ன என்று இன்றும் விவாதிக்கிறார்கள். டிஸ்டோனியா, அதாவது மூளை தசைக்குத் தரும் கட்டளை குழம்பும் கோளாறு, என்பவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் வலியே இருக்காது. வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கும், மற்ற வேலைகளில் ஒழுங்காக இருக்கும். இன்னும் கொஞ்சம் சாதகம் செய்தால் சரியாகும் என்று நினைத்தால் பெரும்பாலும் மோசமாகும்.

மரத்துப்போதல், இரவில் விரல்கள் ஊசி குத்துவதுபோல் கூசுதல், பிடி தளர்தல், விரல் தானாகச் சுருளுதல்: இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பத்தாம் ஜோடியைப் பழகும்போது சுண்டுவிரலை முதலில் வைத்து, ஆள்காட்டி விரலைப் பின்னோக்கி நீட்டுங்கள். கட்டைவிரல் வயலினின் கழுத்துக்கு அடியில் நகரட்டும். சுர இடைவெளி குறுகலாக இருக்கும் மேல் பொசிஷன்களில் (கை வயலினின் உடலை நோக்கி நகர்ந்த நிலைகளில்) தொடங்கி மெதுவாகக் கீழே வாருங்கள். ஐந்து நிமிடம் போதும், அப்புறம் கையைத் தொங்கவிடுங்கள்.

அந்த மாணவருக்கு மரத்துப்போவது நின்றுவிட்டது. மெட்டையும் முதல் ஐந்து வேரியேஷன்களையும் வாசிக்கிறார். ஆறாவதை நாங்கள் இருவரும் இன்னும் மறுபடி தொடவில்லை.