கருவிப்பட்டையா, கருவிப்பட்டியா?

கணினியில் படங்களையும் பொத்தான்களையும் சொடுக்கி இயக்கும் வரைகலை இடைமுக நிரலில் 'டூல்பார்' எனப்படுவது, சாளரத்தின் மேல்விளிம்பில் சேமி, வெட்டு, ஒட்டு, அச்சிடு என்று படம் பொறித்த பொத்தான்கள் வரிசையாக நிற்கும் பகுதி. இதைக் கருவிப்பட்டை என்றும் கருவிப்பட்டி என்றும் எழுதுகிறார்கள். பட்டை என்பதே சரி என்பேன்.

'டூல்' பழைய ஆங்கிலச் சொல். ஆயத்தம் செய்தல், ஆக்குதல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்தது. 'பார்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மரக்கட்டை, கதவுக்குக் குறுக்கே இடும் தாழ் என்பது அதன் முதற்பொருள்.

கருவி நமக்குப் பழஞ்சொல். "கருவியும் காலமும் செய்கையும்" என்று தொடங்குகிறது 631ஆம் குறள். சுத்தியல், உளி மட்டுமல்ல, வினை முடிக்கத் துணை நிற்கும் எதுவும் கருவிதான். 'வாளால் வெட்டினான்' என்னும்போது மூன்றாம் வேற்றுமை காட்டுவதும் கருவிப் பொருளையே. திரையில் ஒரு பொத்தானுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

பட்டை என்றால் தட்டையாக, நீளமாக இருப்பது. மரப்பட்டை, நெற்றியில் இடும் திருநீற்றுப்பட்டை, இடுப்புப்பட்டை எல்லாம் அப்படித்தான். 'பார்' என்பதற்குக் கட்டை, கம்பி என்று நேர்ச்சொல் தேடாமல், கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

நிரல் எழுதிப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பைத்தான் நிரல்மொழியில் சாளரங்களை உருவாக்க உதவும் டிகேஇன்டர் என்ற நிரல் நூலகத்தில் டூல்பாருக்கென்று தனி உறுப்பே கிடையாது. வெறும் சட்டகம் ஒன்றை உருவாக்கி, சாளரத்தின் மேற்புறம் ஒட்டி, அகலம் முழுக்கப் பரவச் செய்து, அதற்குள் பொத்தான்களை இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். முதலில் பட்டை, பிறகு கருவிகள்! ஜாவா மொழியில் இதே வேலைக்கான ஸ்விங் நூலகத்திலோ ஜேடூல்பார் என்ற உறுப்பு ஆயத்தமாகவே கிடைக்கிறது. சுட்டியால் இழுத்துப் பக்கவாட்டில் செங்குத்தாகவும் நிறுத்தலாம்; அப்போதும் அது பட்டைதான்.

பட்டி என்பதை 'மெனு'வுக்கு விட்டுவிடலாம். அங்கே கட்டளைகள் பட்டியலாகத்தான் விரிகின்றன. சாளரங்களை உருவாக்க உதவும் இன்னொரு நிரல் நூலகமான கியூடியில் 'சேமி' என்ற ஒரே செயலை எழுதி, மெனுவிலும் டூல்பாரிலும் சேர்க்கலாம். இரண்டிலும் இருப்பது ஒரே செயல், வேறுபடுவது தோற்றம்தான். அந்த வேறுபாட்டைப் பட்டி, பட்டை என்ற இரு சொற்கள் தெளிவாகக் காட்டிவிடும்.

கருவிகளை உடைய பட்டை என்று விரிவதால் இடையில் 'ப்' மிகும். 'கருவிபட்டை' என்று எழுதுவது பிழை.